வன்னி நோயாளருக்குக் காலநிலை பற்றிக் கருத்தில்லையா? மழையையும் பஸ்ஸையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள்

பிந்தி வந்து வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாதியர் பயிற்சியில் இருக்கும் ஒரு தங்கச்சி, காலநிலை மாற்றத்தையும் மருத்துவச் சேவையையும் பற்றி வன்னி நோயாளர் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு ஒப்படை செய்யவேண்டுமாம். மாதிரிக்குக் கிளினிக்கில் சிலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது பிள்ளை, டொக்டரைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியென்றால் இங்கே யாருக்கும் இதில் அக்கறை இல்லையா, இங்கிலாந்தில் சூழலுக்காக இன்ஹேலரையே மாற்றுகிறார்களே, இங்கே அப்படி ஒன்று வந்தால் சனம் ஏற்குமா என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் இங்கே, இலங்கையின் வடக்கே வன்னியில், அரச ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் கனகாலம் இருந்தவன். டொக்டரிடம் இரண்டு நிமிசம் கிடைக்கிறவர்கள் மருந்து வரிசையில் மணிக்கணக்காக நிற்பார்கள், அந்த நேரம் தங்களுக்குள் அவர்கள் கதைப்பதெல்லாம் எங்கள் காதில்தான் விழும். அதை வைத்துச் சொல்கிறேன், கருத்து இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. "காலநிலை மாற்றம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று கொப்பியும் பேனையுமாய் வந்து நின்றால் அது சோதனைக் கேள்வி மாதிரித்தான் இருக்கும், பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்று ஒதுங்குவார்கள். அதே ஆளிடம் "போன மாரியில கிளினிக்குக்கு எப்படி வந்தனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பிறகு நிறுத்தத்தான் கஷ்டப்படுவீர்கள்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீரில் கிடந்தது, 2020 டிசம்பரில் புரெவிப் புயல், 2024 நவம்பர் கடைசியில் பெங்கல், 2025 நவம்பர் கடைசியில் டித்வா. எங்கள் வருத்தக்காரர் இவற்றையெல்லாம் எந்தக் கிளினிக் தவறியது, எத்தனை நாள் பிரசர்க் குளிசை இல்லாமல் இருந்தது என்றுதான் நினைவு வைத்திருக்கிறார்கள். ஐயன்கன்குளம், துணுக்காய்ப் பக்கத்து உள்ளூர்களில் இருப்பவருக்குப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போனால் மல்லாவி ஆஸ்பத்திரியே தூரதேசம்தான், மாஞ்சோலை ஆஸ்பத்திரியையோ வவுனியாவையோ நினைக்கவே வேண்டாம். இன்னொரு சின்ன விஷயம். நாங்கள் குளிசைகளை எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத்தான் கொடுக்கிறோம். சூழலுக்கு அது நல்லதுதான், ஆனால் மாரியில் ஓலைக்குக் கீழேயோ தகரத்துக்குக் கீழேயோ அந்த உறை ஈரம் இழுத்து, குளிசை பொருமி, ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். அதனால்தான் எல்லோரும் ஷொப்பிங் பை ஒன்றை மடித்துக் கொண்டுவருகிறார்கள். பிளாஸ்டிக் பாவனையைக் குறைக்கச் சொல்லி அவர்களுக்குப் பாடம் எடுப்பதற்கு முதல் அந்தக் குளிசை எங்கே இருக்கப்போகிறது என்று யோசிக்கவேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு வருவதும் அவர்களுக்குத் தெரியும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மர்மக் காய்ச்சல் என்று பரபரப்பாகி, உயிர்களும் போய், பிறகு அது எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியானது. அது வராமல் தடுக்க, வயலில் இறங்குகிறவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லி டொக்சிசைக்கிளின் கொடுப்பது இங்கே புதிதல்ல, ஆனால் காலபோகத்தில் (மாரி மழையோடு செய்யும் நெல்போகம்) எந்தக் கிழமை தொடங்குவது என்பது முன்பு பழக்கத்தில் தெரிந்த விஷயம். இப்போது மழை தன் இஷ்டத்துக்கு வருகிறது, ஒரே நாளில் கொட்டுகிறது, பிறகு காய்கிறது. "மருந்து எப்ப குடிக்கிறது எண்டு மழையைத்தான் கேக்கவேணும்" என்று ஒரு ஐயா பகிடியாகச் சொன்னார், எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுபது தாண்டியவர்களில் பலர் "இதென்ன புதினம், அறுபத்துநாலு புயலைக் காணேல்லையோ" என்றுதான் தொடங்குவார்கள். 1964 டிசம்பர்ப் புயல் வன்னியைத் துவைத்துப் போட்டது உண்மை. மலேரியா காலத்தையும் சொல்வார்கள், வீட்டுக்கு வீடு குலைப்பன் காய்ச்சல், குளோரோகுயின் கசப்பு. அதுவும் உண்மை. இலங்கைக்கு 2016 இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது, அதே ஆண்டுக் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புது நுளம் பிடிபட்டது, கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகக்கூடிய வகை. ஆக, பழசுகளை அறியாமை என்று தள்ளவேண்டாம். அவர்கள் சொல்வது, இந்த மண் எப்போதும் வரட்சிக்கும் வெள்ளத்துக்கும் இடையில்தான் இருந்தது, அப்போது ஆஸ்பத்திரியை நம்பி உடம்பு இருக்கவில்லை என்பது. கூர்ந்து பார்த்தால் அதுதான் முக்கியமான வித்தியாசம். இன்றைக்கு மாதாமாதம் குளிசை, கிழமைக்கிழமை டயலிசிஸ், நாளுக்கு இரண்டு தரம் இன்சுலின் என்று உயிரைக் கொளுவி வைத்திருக்கிற சனம் இது. அன்றைக்கு வந்த அதே அளவு வெள்ளம் இன்றைக்கு வந்தாலும் சேதம் வேறு மாதிரி இருக்கும்.

வெயிலைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள், வன்னிக்கென்றே தனியான பதில்கள் அங்கேதான் கிடைக்கும். போரில் கால் இழந்து பொய்க்கால் போட்டிருப்பவர்களைத் தேடிப்பிடியுங்கள். போரில் கால் இழந்து பொய்க்கால் போட்டிருப்பவர்களைத் தேடிப்பிடியுங்கள். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் வெக்கை மாதங்களில் அந்தப் பிளாஸ்டிக் குழிக்குள் வியர்வை தேங்கி, தோல் ஊறி, உரசிப் புண்ணாகும், புண் ஆறும்வரை காலைக் கழற்றிவைக்க வேண்டும், கழற்றினால் கூலி வேலை இல்லை. சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால் அந்தப் புண் இலேசில் ஆறாது. பொய்க்கால் செய்துகொடுக்கும் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போய்க் காலைச் சரிசெய்து வருவதென்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். இவர்களிடம் "வெப்பம் கூடிவிட்டதா" என்று கேட்க வேண்டியதில்லை, வருசத்தில் எத்தனை நாள் காலைக் கழற்றி வைக்கிறார்கள் என்று கேளுங்கள், அதுவே ஒரு அளவுகோல்.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் கடுமையானது, அதை நோயாளரின் வீட்டாரே சரியாக அறிந்திருப்பதில்லை. மார்புப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயம் என்றால், காயத்துக்குக் கீழே உடம்பு ஒழுங்காக வியர்க்காது, தன்னைத் தானே குளிரவைக்க முடியாது. பகல் முழுக்கச் சுடுகிற தகரக் கூரைக்குக் கீழே ஒரே இடத்தில் கிடக்கும் ஒருவருக்கு ஃபேன் நின்றால் அது சொகுசுப் பிரச்சினை அல்ல. படுக்கைப் புண்ணும் வெயிலில்தான் கூடும். அப்புறம் தண்ணீர். கோடையில் கிணறு வற்றிப் தண்ணீர்ப் பவுசருக்குக் காத்திருக்கும் வீட்டில், கதீற்றர் (சிறுநீர்க் குழாய்) போட்டிருப்பவர் மற்றவர்களுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று குடிப்பதைக் குறைப்பார், பிறகு சிறுநீர்த் தொற்றோடு வார்ட்டுக்கு வருவார். இதை ஆஸ்பத்திரித் துண்டில் காலநிலை நோய் என்று யாரும் எழுதப்போவதில்லை.

என் துறை என்பதால் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சனம் மூத்திரக் குளிசை என்று சொல்லும் ஃபுரூசமைட், பிரசருக்குக் கொடுக்கும் எனலாபிரில், லொசாட்டன், இவையெல்லாம் வழமையில் நல்ல மருந்துகள். வயிற்றோட்டமோ கடும் வெயில் வேலையோ வந்து உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் நாளில் இவை கிட்னியைச் சிரமப்படுத்தக்கூடும். மனநல கிளினிக்கில் கொடுக்கும் பென்ஸ்ஹெக்சோல், குளோர்புரோமசீன் போன்றவை வியர்வையைக் குறைக்கும், உடம்பு சூட்டை வெளியே விடாது. லிதியம் எடுப்பவருக்குத் தண்ணீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். போருக்குப் பிறகு மனநல மருந்து எடுப்பவர்கள் இங்கே எவ்வளவு பேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெயில் கூடிய நாளில் என்ன செய்வது என்று நோயாளரிடம் நாங்கள் சொல்லியிருக்கிறோமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதுதான் பதில். (இதை வாசித்துவிட்டு யாரும் தாமாகக் குளிசையை நிறுத்தவேண்டாம், கிளினிக்கில் கேளுங்கள்.)

இன்சுலினும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன, பெட்டி இருந்தும் கரண்ட் இல்லாத நாட்களை 2022 இல் எல்லோரும் பார்த்தோம், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை இருட்டில் இருந்தோம். பாவித்துக்கொண்டிருக்கும் இன்சுலின் போத்தலை ஈர மணலுக்குள் வைத்த மண்சட்டியில் வைப்பது இங்கே அம்மாக்கள் கண்டுபிடித்துச் செய்வது, கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் தடாப் அகதி முகாமின் வெப்பநிலையை வைத்துச் சோதித்து, 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறி இறங்கும் சூட்டில் 4 கிழமை வைத்திருந்தும் இன்சுலினின் வலு குறையவில்லை என்று 2021 இல் வெளியிட்டார்கள். ஆனால் நேரடி வெயில், மோட்டார்சைக்கிள் சீற்றுக்கு அடியில் உள்ள பெட்டி, அடுப்படித் தட்டு, இவை வேறு கதை.

கிட்னி வருத்தம் பற்றி வவுனியாப் பக்கம், செட்டிகுளம் பக்கம் கேட்டால் உடனே தண்ணீரைத்தான் சொல்வார்கள், கிணற்றுக் கல்லு, உரம், களைநாசினி என்று. காரணம் தெரியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் பேசப்பட்டு வன்னியின் தென்பகுதிக்கும் தெரிந்த நோய், கடினநீர், புளோரைட், விவசாய இரசாயனம் என்று பல சந்தேகங்கள், ஒன்றும் முடிவாகவில்லை. மத்திய அமெரிக்காவில் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடம் இதேபோன்ற நோய் வந்தபோது அங்கே வெயிலில் உழைத்துத் தண்ணீர் வற்றுவதைப் பெரிய காரணமாகப் பார்த்து, தண்ணீர், ஓய்வு, நிழல் என்று வேலைத்தளத்தில் மாற்றம் செய்தார்கள். எங்கள் சனம் ஆர்.ஓ. (வடிகட்டிச் சுத்திகரித்த) தண்ணீர் வாங்கிக் குடிக்கிறது, ஆனால் கோடைச் சிறுபோகத்தில் நடுமத்தியானம் வயலில் நிற்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. இன்னொரு பக்கம், ஒரு தரம் டயலிசிஸ் செய்ய இயந்திரத்துக்குள் ஓடும் திரவம் மட்டுமே சுமார் 120 லீற்றர், அதைச் சுத்திகரிக்கையில் வீணாகும் தண்ணீர் வேறு. தண்ணீர் இல்லாத ஊரில் வந்த நோய்க்குத் தண்ணீரைக் குடிக்கிற வைத்தியம். டயலிசிஸுக்குப் போய்வருகிற ஒருவர் இதைக் கணக்குப் போட்டு என்னிடமே சொன்னார், நான் அவருக்குச் சொல்லவில்லை.

சரி, உங்கள் கேள்வியின் மற்றப் பாதி. மருத்துவச் சேவையே சூழலைக் கெடுக்கிறது என்பதில் பொய் இல்லை. உலகம் வெளியிடும் பசுமையில்ல வாயுவில் 4 முதல் 5 சதவீதம் மருத்துவத்துறையிலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பங்கு மருந்தும் உபகரணமும் செய்வதிலும் கொண்டுவருவதிலும்தான். இங்கிலாந்தின் அரச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 2020 இல் இதை ஒரு இலக்காக அறிவித்தது, நேரடி வெளியீட்டை 2040க்குள்ளும் மற்றதை 2045க்குள்ளும் நிகர சுழியமாக்குவது என்று. அமுக்கி அடிக்கும் இன்ஹேலருக்குள் இருக்கும் உந்துவாயு கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூடாக்கும் வகை, அவர்களின் மொத்த வெளியீட்டில் ஏறக்குறைய 3 சதவீதம் இன்ஹேலரால் மட்டும். அதனால்தான் தூள் இன்ஹேலருக்கு மாற்றுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் கிளினிக்கில் முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரர் பலர் ஏற்கெனவே கப்சூலைப் போட்டுத் திருகி இழுக்கும் தூள் இன்ஹேலர்தான் வைத்திருக்கிறார்கள். அது சூழலுக்காகக் கொடுத்ததில்லை, மலிவு என்பதால் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மகன் வாங்கிக் கொடுத்த அமுக்கி அடிக்கும் இன்ஹேலர்தான் "நல்ல சாமான்" என்று அம்மாமார் நினைக்கிறார்கள், கப்சூலை "கவுண்மென்ற் மருந்து" என்று கொஞ்சம் கீழாகப் பார்ப்பார்கள். நீங்கள் போய் இலண்டனில் இப்போது இதைத்தான் தேடுகிறார்கள் என்று சொன்னால் மதிப்பு ஏறும், சும்மா சொல்லவில்லை. ஆனால் கவனம், சின்னப் பிள்ளைகளுக்கும், கடும் முட்டில் இழுக்கப் பலமில்லாதவர்களுக்கும் ஸ்பேசர் குழாயோடு அமுக்கி அடிக்கும் இன்ஹேலர்தான் வேண்டும். அதைச் சூழல் என்று சொல்லிப் பறிக்கக்கூடாது.

பறிப்பது என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். 2022 இல் மருந்து இல்லாமல், "வெளியில வாங்குங்கோ" என்று துண்டு எழுதிக் கொடுத்ததை நோயாளர் மறக்கவில்லை, அந்தத் துண்டுகளை ஜன்னலால் நீட்டிய எங்களுக்கும் மறக்காது. அந்த நினைவுள்ளவரிடம் "சூழலுக்காக" என்று எதைக் குறைத்தாலும் அவர் காதில் "காசில்லை, வெட்டுகிறார்கள்" என்றுதான் விழும். அது நியாயமான சந்தேகம். மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக 2025 இல் சனம் வீதிக்கு வந்ததைப் பாருங்கள், காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்ல விஷயம்தானே என்று தூர இருந்து சொல்வது சுலபம், தங்களைக் கேட்காமல் தங்கள் நிலத்தில் வைத்தார்கள் என்பதுதான் அங்கே கோபம். பொறுப்பு யாருடையது என்ற கேள்வியிலும் அவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். இலங்கையில் ஆளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 1 தொன் கரியமில வாயுதான், உலகச் சராசரி அதைப்போல் நாலைந்து மடங்கு. சைக்கிளில் கிளினிக்குக்கு வருபவரிடம் குற்ற உணர்வை எதிர்பார்ப்பது அநியாயம்.

ஆனால் அவர்களாகவே கேட்கும் மாற்றங்களைப் பாருங்கள். முதலாவது, ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மூன்று மாத மருந்து. வருத்தம் கட்டுப்பாட்டில் இருப்பவர் வெறும் குளிசைக்காக மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வருகிறார், அந்தப் பயணம் அவருக்கும் நட்டம், காற்றுக்கும் நட்டம். 2020 கொரோனா முடக்கத்தில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினோம், செய்யலாம் என்று தெரிந்த விஷயம்தான் அது, பிறகு ஏன் கைவிட்டோம் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இரண்டாவது, கிட்டடி ஆஸ்பத்திரியிலேயே இரத்தப் பரிசோதனை. மூன்றாவது, காத்திருக்கும் இடத்தில் நிழலும் குடிதண்ணீரும். இதில் எந்த ஒன்றையும் அவர்கள் சூழலுக்காகக் கேட்கவில்லை.

மருந்து வீணாவதைப் பற்றி மட்டும் கேட்கும்போது பக்குவமாகக் கேளுங்கள். என்.எச்.எஸ். வெளியீட்டில் ஏறக்குறைய கால்வாசி மருந்துகளால்தான், இங்கேயும் வீட்டு அலுமாரியில் காலாவதியான குளிசை குவிந்து கிடக்கும். டொக்டர் மருந்தை மாற்றிய பிறகும் பழையதை எறிய மாட்டார்கள். இதைப் பழக்கக்கேடு என்று எழுதவேண்டாம், தட்டுப்பாட்டுக் காலத்தில் அந்தக் குவியல்தான் சிலரைக் காப்பாற்றியது. அடுத்த மாதமும் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் குவிக்க மாட்டார்கள்.

சோலாரைப் பற்றியும் ஒரு கேள்வி வரும், "கூரை முழுக்கத் தட்டுப் போட்டிருக்கு, பிறகேன் கரண்ட் போனா ஃபேன் நிக்குது?" என்று. மின்சார சபை இணைப்போடு மட்டும் பொருத்திய சோலார், வெளியே கரண்ட் போனால் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும், பற்றரி இருந்தால்தான் ஓடும். பணம் மிச்சம் பிடிக்கத்தான் அது, புயல் நாளுக்கு உதவாது. நோயாளர் கேட்பது புயல் நாளைத்தான். இன்னொன்று, ஆஸ்பத்திரிப் பின்வளவில் குப்பை எரிக்கும் புகை. நான் பார்த்த ஒரு இடத்தில் முட்டு வார்ட்டின் ஜன்னலுக்கு நேரே எரித்தார்கள், நோயாளரே போய்ச் சண்டைபிடித்து நிறுத்தினார்கள்.

ஒப்படைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் ஒருவரிடமும் வாய் திறக்க வேண்டாம். டொக்டரைப் பார்க்கக் காத்திருப்பவரிடம் கேட்காதீர்கள், நம்பர் போய்விடுமோ என்று அவர் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார், மருந்து வரிசையில் நிற்பவரிடம் கேளுங்கள். சீருடையைக் கழற்றிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. போன மாரியில் தவறிய கிளினிக், வெயிலில் மருந்து வைக்கும் இடம், குடிதண்ணீர் எங்கிருந்து, பயணத்துக்கு எவ்வளவு செலவு, கரண்ட் போனால் வீட்டில் முதலில் என்ன நிற்கும் என்று போய், கடைசியில்தான் "ஆஸ்பத்திரி எதை மாற்றவேண்டும்" என்று கேளுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று, கிளினிக்கில் கேட்டால் கிளினிக்குக்கு வர முடிந்தவர்கள் மட்டும்தான் பதில் சொல்வார்கள். டிசம்பர், ஜனவரிப் பதிவில் வராதவர்களின் விபரத்தைப் பொறுப்பான மிஸ்ஸியிடம் (தாதியிடம்) முறையாகக் கேட்டு, அந்தப் பக்கத்துக் குடும்பநல உத்தியோகத்தரோடு சேர்ந்து நாலைந்து வீட்டுக்காவது போங்கள். பொய்க்கால் போட்டவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் பெரும்பாலும் அந்த வீடுகளில்தான் இருப்பார்கள்.